பழைய வேனில் ஹீட்டர் ஃபேன் மக்கர் செய்தால்: பழுதைக் கண்டுபிடிப்பதிலிருந்து புது மோட்டார் பூட்டுவது வரை

பழைய வேனின் ஹீட்டர் ஃபேன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். முதலில் காலையில் போட்டவுடன் கீச்சென்று கத்தும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். சில வாரம் கழித்து ஒன்றாம், இரண்டாம் வேகங்கள் போய்விடும். அப்புறம் டாஷ்போர்டின் அடியில் தட்டினால்தான் ஓடும். கடைசியில் தட்டினாலும் ஓடாது. முன்கண்ணாடியில் படியும் ஆவியை விரட்டுவதும் இதே ஃபேன்தான். அதனால் இது நின்றால் குளிரோடு போகாது, பாதையும் மறைந்துவிடும். தள்ளிப்போட வேண்டாம்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். திருப்புளி பிடிப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. கெட்டுப்போன பொருளை மாற்றிவிட்டு, அதைக் கெடுத்த பொருளை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். மோட்டாரும், கரன்ட்டைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரும், வயர்களைச் செருகும் கனெக்டரும் ஒரே சங்கிலி. புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) காய்ந்த மோட்டார் சுற்றத் திணறும், திணறும் மோட்டார் அதிக கரன்ட் இழுக்கும், அந்தக் கரன்ட் ரெசிஸ்டரையும் கனெக்டரையும் கருக்கும். ஒருவர் ஒரே மாதத்தில் இரண்டு ரெசிஸ்டர் மாற்றியதைப் பார்த்தேன். இரண்டையும் எரித்தது, அவர் தொடவே தொடாத மோட்டார். யார் யாரைக் கெடுத்தார்கள் என்று முதலில் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி.

1. அறிகுறியை எழுதிக்கொள்ளுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் சாவியைப் போட்டு, ஒவ்வொரு வேகத்திலும் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கழற்றிய பிறகு இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

கடைசி வேகம் மட்டும் ஓடுகிறது, மற்றவை இல்லை என்றால் சந்தேகம் ரெசிஸ்டர் மேல். பெரும்பாலான பழைய வேன்களில் உச்ச வேகத்துக்குப் போகும் கரன்ட் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகும், அதனால் ரெசிஸ்டர் செத்தாலும் அந்த ஒன்று மிஞ்சும். மாறாக, கீழ் வேகங்கள் ஓடி உச்ச வேகம் மட்டும் இல்லையென்றால் ஸ்விட்ச், அல்லது உச்ச வேகத்துக்கென்று தனி ரிலே இருந்தால் அந்த ரிலே.

எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, எர்த் (கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை), மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். தட்டினால் ஓடுகிறது என்றால் மோட்டாருக்குள் கார்பன் (சுழலும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் பிரஷ்) தேய்ந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கீச்சொலி என்றால் புஷ் காய்ந்திருக்கிறது. படபடவென்று அடிக்கும் சத்தம் என்றால் விசிறிச் சக்கரத்தில் காய்ந்த இலையோ எலி சேர்த்த பஞ்சோ இருக்கும். அப்படியானால் மோட்டாருக்குப் பணம் செலவழிக்க வேண்டிய தேவையே இருக்காது.

ஃபேன் நன்றாக ஓடியும் காற்று குளிர்ந்தே வருகிறது என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது இல்லை. அது கூலன்ட், தெர்மோஸ்டாட், ஹீட்டர் வால்வு சம்பந்தப்பட்ட பழுது. காலடியில் ஈரமும் இனிப்பான வாசனையும் இருந்தால் ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது. அதை முதலில் பாருங்கள்.

2. கழற்றாமலே அளந்து பாருங்கள்

ஃபியூஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். கம்பி முழுதாக இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகராதீர்கள். கால்கள் நிறம் மாறியிருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியின் பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று கவனியுங்கள். பல வேன்களில் இந்த இடத்தில் 20 முதல் 30 ஆம்பியர் வரை ஃபியூஸ் இருக்கும். எரிந்திருந்தால் அதே அளவு ஃபியூஸை மட்டும் போடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும்.

அடுத்து மோட்டார் கனெக்டர். அதைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்து 12 வோல்ட் காட்டுகிறது, ஆகவே வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் சுமை இல்லாதபோது 12 வோல்ட் காட்டும். மோட்டார் ஓடக் கேட்டால்தான் அது படுத்துவிடும். அதனால் கனெக்டர் மாட்டியிருக்கும்போதே, அதன் பின்புறமாக மீட்டரின் முனைகளைச் செருகி, மோட்டாரின் இரண்டு வயர்களுக்கும் இடையே அளக்கவும். பழைய பாணி பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் இருந்தால் இன்னும் நல்லது. பல்பு கொஞ்சமாவது கரன்ட் இழுப்பதால் பொய்யான 12 வோல்ட் அதை ஏமாற்றுவது கடினம்.

ஒரு வயரிலிருந்து பாடிக்கு அளப்பது போதாது. பல வேன்களில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், பாசிட்டிவ் எப்போதும் மோட்டார் வரை வந்து நிற்கும். எர்த் அறுந்திருந்தால் மோட்டாரின் இரண்டு காலிலும் 12 வோல்ட் காட்டும், ஆனால் மோட்டார் ஓடாது.

உச்ச வேகத்தில் மோட்டாரின் இரண்டு காலுக்கும் இடையே பேட்டரி வோல்டேஜுக்கு மிக அருகில் வந்தும் மோட்டார் நின்றால், மோட்டார் போய்விட்டது. ஒன்றிரண்டு வோல்ட் குறைந்தால் வழியில் யாரோ தின்கிறார்கள். மோட்டாரின் நெகட்டிவ் காலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே ஃபேன் உச்ச வேகத்தில் ஓடும்போது அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில்தான் பழுது: எர்த் கம்பி பாடியில் சேரும் இடம், ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருந்தால் அந்த ஸ்விட்சும் அதன் கனெக்டரும். எர்த் சேரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே சில வேன்களில் வேலை முடிந்துவிடும்.

3. உங்கள் வேனில் மோட்டார் எங்கே இருக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள். பல வேன்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால், டாஷ்போர்டின் அடியில் இருக்கும். அப்படியென்றால் அரைநாள் போதும். சிலவற்றில் பானட்டைத் திறந்தால் இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையேயான தகட்டில் இருக்கும். அது இன்னும் எளிது.

மூன்றாவது வகைதான் கடினம். மோட்டார் ஹீட்டர் பெட்டிக்கு நடுவே, ஹீட்டர் கோரோடு சேர்ந்து இருக்கும். ஃபோக்ஸ்வாகன் டி3 வேன் இதற்குத் தெரிந்த உதாரணம்: டாஷ்போர்டு முழுவதையும் எடுத்து, ஹீட்டர் பெட்டியை வெளியே இழுத்து, கிளிப்புகளை நீக்கி இரண்டாகப் பிளந்தால்தான் மோட்டார் கண்ணில் படும். இந்த வகை என்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். கூலன்ட் குழாய்களைக் கழற்றவும் வேண்டியிருக்கும். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகே குழாயைத் தொடுங்கள், வழியும் கூலன்ட்டைப் பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிக்கும் விஷம், நாயும் பூனையும் நக்கிவிடும். பெட்டியை ஒருமுறை பிளந்துவிட்டால் மோட்டாரைச் சரிசெய்து திரும்பப் பூட்டாதீர்கள், புதிதையே போடுங்கள். ஹீட்டர் கோரும் பழையதென்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். அந்த டாஷ்போர்டை இரண்டாவது முறை இறக்க யாருக்கும் மனம் வராது.

பின் இருக்கைகளுக்குத் தனி ஹீட்டர் உள்ள வேனில் இரண்டாவது ஃபேன் ஒன்று இருக்கும். எது பழுது என்று காதால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

4. தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை

சிறிய ராட்செட், 7, 8, 10 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், நீட்டிப்பு, குட்டையான நட்சத்திரத் திருப்புளி, சிலவற்றுக்கு டார்க்ஸ் முனை. தலையில் மாட்டும் விளக்கு. காந்தம், ஏனென்றால் ஒரு திருகாணியாவது கார்ப்பெட்டுக்குள் விழும். ஃபியூஸ் வைத்த இரண்டு நீள வயர், மோட்டாரைப் பேட்டரியில் நேராக ஓட்டிப் பார்க்க. கான்டாக்ட் கிளீனர், மெல்லிய எண்ணெய், நுண்ணிய உப்புத்தாள், ஃபோம் டேப், ஒரு அளவுகோல்.

புது மோட்டாரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதா, கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குவதா? அந்த வேன்தான் உங்கள் ஒரே வண்டி என்றால் முதலாவது. இல்லையென்றால் இரண்டாவது. ஒரே மாடல் வேனிலேயே ஏசி உள்ளதற்கும் இல்லாததற்கும் மோட்டார் வேறுபடுவது உண்டு. பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்கினால் தப்பு நடக்காது.

5. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்

நெகட்டிவை முதலில் கழற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. பாசிட்டிவில் ஸ்பானர் வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. ஏர்பேக் உள்ள வேனென்றால் கழற்றியபின் சில நிமிடங்கள் சும்மா இருங்கள், அதன் சேமிப்புக் கரன்ட் இறங்க வேண்டும். ரேடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் வண்டியா என்று முன்பே பார்த்துவையுங்கள்.

6. வழியைத் திறப்பது

முன்பெட்டி (டாஷ்போர்டில் பொருள் வைக்கும் பெட்டி), அதன் அடியிலுள்ள மூடி, காலடிப் பக்கத்துப் பலகை என்ற வரிசையில் எடுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் குளிரில் பட்டென்று உடையும். வேனை வெயிலில் நிறுத்தியோ, முடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடுகாட்டியோ தொடங்கினால் பாதிக் கிளிப்புகளாவது பிழைக்கும்.

ஒவ்வொரு பகுதியின் திருகாணிகளையும் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். நீளமான திருகாணியைக் குட்டையானதன் இடத்தில் பூட்டினால் உள்ளே போகும் வயரையோ காற்றுப் பெட்டியையோ குத்திவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம், குறிப்பாக வயர்கள் எந்த வழியாக வளைந்து போகின்றன என்பது தெரியும்படி.

7. மோட்டாரை இறக்குவது

முதலில் கனெக்டர். பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டே இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். வரவில்லை என்றால் உள்ளே உருகி ஒட்டியிருக்கலாம். அதுவே ஒரு தகவல், பத்தாம் படியில் தேவைப்படும்.

அடுத்து மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதா பாருங்கள். ஃபேனின் காற்றில் கொஞ்சத்தை மோட்டாருக்குள் திருப்பி அதைக் குளிர்விக்கும் குழாய் அது. கழற்றிப் பத்திரமாக வையுங்கள். வேலை முடிந்ததும் அநேகர் மறப்பது இதைத்தான், மறந்தால் புது மோட்டார் சூட்டில் சீக்கிரம் போகும்.

விளிம்பைச் சுற்றி மூன்று முதல் ஐந்தாறு திருகாணிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத் திருகாணியை முதலில் எடுங்கள், எளிதானதைக் கடைசியில். எளிதானது மோட்டாரைத் தாங்கிப் பிடித்திருக்கும், தலைமேல் விழாது. எல்லாம் எடுத்தும் இறங்கவில்லை என்றால் நெம்பாதீர்கள். பழைய சீல் ஒட்டியிருக்கும் அல்லது ஒரு திருகாணி பாக்கி. சிலவற்றை லேசாகத் திருப்பி இறக்க வேண்டும்.

உள்ளே எலிக்கூடோ புழுக்கையோ தெரிந்தால் ஊதவும் பெருக்கவும் கூடாது, தூசி மூச்சில் போகும். முகக்கவசம், கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டுத் துணியால் எடுங்கள்.

8. மேசைமேல் வைத்து முடிவெடுங்கள்: சரிசெய்வதா, மாற்றுவதா

சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். நல்ல மோட்டார் சில சுற்று தானாகச் சுற்றி, காந்தத்தின் இழுப்பில் சின்னச் சின்னத் தடுக்கலோடு நிற்கும். கையை எடுத்த உடனே நின்றால் புஷ் இறுகியிருக்கிறது. தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது, அதற்கு எண்ணெய் மருந்தில்லை, மாற்றுங்கள்.

ஆட்டம் இல்லை, கீச்சொலி மட்டும்தான் என்றால் காப்பாற்றலாம். இந்தப் புஷ்கள் நுண்துளை கொண்ட வெண்கலத்தால் ஆனவை, எண்ணெயைத் தமக்குள்ளேயே உறிஞ்சி வைத்திருக்கும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை இதில் அடித்தால் அன்றைக்குச் சத்தம் நிற்கும், மிச்சமிருந்த எண்ணெயையும் அது கழுவிவிடுவதால் சீக்கிரமே முன்பைவிட மோசமாகக் கத்தும். தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கையால் சுழற்றி, சற்று நேரம் ஊறவிட்டு, இன்னொரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம். வழியும் எண்ணெய் கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகி உள்ளே படியும்.

மடக்குக் காதுகளை நிமிர்த்தித் திறக்கக்கூடிய மோட்டாரென்றால் கார்பனைப் பாருங்கள். புதிதில் இருந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் ஆயுள் முடிந்தது. கார்பன் தொடும் செம்பு வளையம் கறுத்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் துடைத்து, செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் சேர்ந்த தூளைக் குச்சியால் எடுங்கள். உலோகம் தேய்க்கும் கறுப்பு எமரித்தாள் வேண்டாம், அதன் துகள்கள் மின்சாரம் கடத்தக்கூடியவை, பள்ளத்தில் தங்கினால் குறுக்குத் தொடர்பு உண்டாகும்.

புது மோட்டார் கிடைக்கிறது என்றால் கார்பன் தேய்ந்ததை மாற்றிவிடுவதே என் வழக்கம். கார்பன் அவ்வளவு தேய்ந்திருக்கும்போது புஷ்ஷும் பாதி வழியில்தான் இருக்கும். வெளியில் கிடைக்காத மாடலென்றால் அளவொத்த கார்பனைத் தேடி மாற்றி ஓட்டலாம், தப்பில்லை.

9. விசிறிச் சக்கரத்தை மாற்றிப் பூட்டுவது

புது மோட்டார் சக்கரத்தோடு வந்தால் இந்தப் படி இல்லை. இல்லையென்றால், எடுப்பதற்கு முன் மோட்டார் விளிம்பிலிருந்து சக்கரத்தின் அடிவரை உள்ள உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். சில மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ போனால் பெட்டியில் உரசும்.

சக்கரத்தைத் தண்டோடு பிடித்திருக்கும் கிளிப்பை எடுத்து, சக்கரத்தை நடுவில் பிடித்து நேராக இழுங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம், பழைய பிளாஸ்டிக் விரிசல் விடும். சக்கரத்தின் ஓரத்தில் சின்ன உலோகக் கிளிப் இருந்தால் அது குப்பை இல்லை, சமநிலைக்காக வைத்த எடை. அதைப் பிடுங்கினால் ஃபேன் அதிரும். இதழ்களுக்குள் படிந்த தூசியைத் தூரிகையும் சோப்புத் தண்ணீரும் கொண்டு முழுதாகக் கழுவுங்கள். பாதி கழுவினாலும் சமநிலை கெடும்.

புது மோட்டாரைப் பேட்டரியில் ஃபியூஸ் வைத்த வயரால் ஓட்டி, பழையது சுற்றிய திசையிலேயே சுற்றுகிறதா என்று பாருங்கள். மோட்டாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், துள்ளும். திசை ஏன் முக்கியம் என்றால், இந்த உருளை வகைச் சக்கரம் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் வரும், ஆனால் மிகக் குறைவாக. அதனால் வயரை மாற்றிக் கொடுத்தவர்கள் ஃபேன் ஓடுவதைப் பார்த்துத் திருப்தியாகி, எல்லாவற்றையும் பூட்டிய பிறகு காற்று பற்றவில்லையே என்று தேடுவார்கள்.

10. ரெசிஸ்டரும் கனெக்டரும்

மோட்டார் வெளியே இருக்கும்போதே இதை முடியுங்கள். ரெசிஸ்டர் காற்றுப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அதன் சூட்டை ஃபேனின் காற்றே ஆற்ற வேண்டும். ஃபேன் திணறினால் காற்றும் குறையும், சூடும் ஏறும். கழற்றி மீட்டரில் ஓம் அளந்தால் ஒவ்வொரு காலுக்கும் பொதுக்காலுக்கும் இடையே சில ஓமோ அதற்கும் குறைவோ காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுருள் அறுந்திருக்கும் அல்லது அதிலுள்ள வெப்ப ஃபியூஸ் போயிருக்கும்.

அந்த வெப்ப ஃபியூஸைத் தாண்டி ஒரு துண்டு வயர் வைத்துப் பற்றவைக்கும் பழக்கம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மோட்டார் இறுகி நின்றால் ரெசிஸ்டர் சூடேறுவதைத் தடுக்க அங்கே வேறு எதுவும் இருக்காது, பக்கத்தில் இலையும் பஞ்சும் இருக்கும் இடம் அது. வேன் தீப்பிடிக்கலாம்.

கனெக்டர் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் புது ரெசிஸ்டரை அதில் செருகாதீர்கள். தளர்ந்த கால் மறுபடி சூடாகி, புதியதன் காலையும் கருக்கும். வயரோடு வரும் புதுக் கனெக்டர் வாங்கி, கருகாத செம்பு தெரியும் வரை பழைய வயரை வெட்டி, அதே தடிமன் வயரோடு அழுத்தி இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஒவ்வொரு வயராக வெட்டி இணையுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் வேகங்கள் இடம் மாறிவிடும்.

11. மூடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

மோட்டாரை ஏற்றி, எல்லாத் திருகாணியையும் கையால் நுழைத்தபின் சமமாக இறுக்குங்கள். பழைய சீல் நொறுங்கியிருந்தால் ஃபோம் டேப் சுற்றுங்கள். ரப்பர் குழாய், கனெக்டர், ரெசிஸ்டர் மூன்றையும் மாட்டிவிட்டுப் பேட்டரியை இணைத்து, பலகைகள் எதையும் மூடாமல் எல்லா வேகத்திலும் பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

நேர்கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் உச்ச வேகத்தில் அளந்து பாருங்கள். பழைய வேன்களில் ஏறக்குறைய 10 முதல் 20 ஆம்பியருக்குள் இருக்கும். ஃபியூஸின் அளவை நெருங்கினால் எங்கோ உரசுகிறது. சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இதை அளக்க முயன்றால் மீட்டரின் ஃபியூஸ் போகும். கிளாம்ப் இல்லையென்றால் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு சரியில்லை.

எல்லாம் நன்றாக இருந்தால் கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக மூடுங்கள். முன்பெட்டியைப் பூட்டும்போது வயர் நசுங்குகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

12. தண்ணீர் எங்கிருந்து வந்தது

கழற்றிய மோட்டாரில் துருவோ வெண்மைப் படிவோ இருந்திருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. முன்கண்ணாடியின் அடியில் வெளிக்காற்று நுழையும் பள்ளம் ஒன்று உண்டு. அதன் வடிகால் இலைகளால் அடைபட்டால் மழைநீர் வழிந்து நேராக ஃபேன்மேல் இறங்கும். இலைகளை அள்ளிவிட்டு ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், இன்னொருவர் உள்ளே காலடியில் விளக்கு பிடித்துப் பார்க்கட்டும். தண்ணீர் வண்டிக்கு வெளியே, சக்கரத்தின் பக்கமாக இறங்க வேண்டும். உள்ளே சொட்டினால் வடிகாலை வளையும் பிளாஸ்டிக் கம்பியால் குத்தித் திறந்து, மறுபடி ஊற்றிப் பாருங்கள். இரண்டு வாரம் ஓட்டியபின் ரெசிஸ்டர் கனெக்டரை மட்டும் ஒருமுறை கழற்றி, கால்கள் நிறம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.